கிணற்றை அளக்கும் வகுப்பு



கரையான்சாவடிக்கு அருகே, மாங்காட்டை அடுத்து இருக்கிறது சிக்கராயபுரம். அங்குள்ள கைவிடப்பட்ட கல்குவாரிகளில் தேங்கிய நீரைத்தான் 2017, 2019 வறட்சிகளில் சென்னைக் குடிநீர் வாரியம் எடுத்துச் சுத்திகரித்து நகருக்கு வழங்கியது. அந்த நீர் எங்கிருந்து வந்தது என்று மாணவரிடம் கேளுங்கள். மழைநீர் ஒரு பகுதி. பாறை வெடிப்புகளில் கசிந்த நிலத்தடி நீர் மறுபகுதி.

குவாரி இயங்கும்போது அடியில் ஊறும் நீரை இறைத்துக்கொண்டே இருப்பார்கள். பள்ளம் கிணற்றைவிட ஆழமாகி, வெடிப்புகளும் இணைந்திருந்தால், கிணற்று நீர் பள்ளத்தை நோக்கி நகரும். ஆனால் மழைக் குறைவாலும், பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளாலும்கூடக் கிணறு வற்றும். எது காரணம் என்று எப்படி அறிவது?

அளந்துதான். வாரம் ஒரு நாள், காலையில் மோட்டார் போடும் முன், வீட்டுப் பெரியவர் கயிற்றில் கல் கட்டி இறக்கி நீர்மட்டத்தை அளக்கட்டும். மாணவர் தேதியோடு குறிக்கட்டும். மழையளவையும் சேர்த்து வரைபடமாக்கட்டும். நல்ல மழைக்குப் பிறகும் மட்டம் ஏறாவிட்டால், காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

"எங்கள் கிணறு வற்றிவிட்டது" என்பது வருத்தம். ஓராண்டுக் குறிப்பேடு, ஆட்சியரின் குறைதீர் கூட்டத்தில் வைக்கத்தக்க சான்று. அந்தக் குறிப்பேட்டை நம் வகுப்பறையில் தொடங்குவோம்.