பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டாம்
(ரானுயியில் நடந்த புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சலரோகம் எங்கட வீடுகளுக்குப் புதிதல்ல. அதில் முதலாம் வகை, சிறுவயதிலேயே வரக்கூடியது. சதையி இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிடும். அது சிறுநீரகத்தையும் பழுதாக்கினால், சிலருக்குச் சிறுநீரகத்தோடு சதையியையும் சேர்த்து மாற்றி வைக்கிறார்கள். 1966இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் தொடங்கிய இந்தச் சிகிச்சை, இங்கே ஒக்லாண்ட் சிற்றி ஆஸ்பத்திரியிலேயே நடக்கிறது.

பெரிய ஒப்பரேஷன் செய்தவர்களுக்கு மொழிபெயர்க்கப் போகும்போது வீட்டுக்காரர் என்னிடம் கேட்பார்கள்: "எல்லாம் சரிவந்தது எண்டு சொல்லிச்சினம். பிறகேன் திரும்பவும் ஸ்கான் எடுக்கினம்?"

காரணம் இருக்கிறது. மண்ணீரலுக்குப் போய் வரும் நாடியும் நாளமும் சதையியை ஒட்டியே ஓடுகின்றன. மாற்றி வைக்கும்போது மண்ணீரல் நீக்கப்படுவதால் அந்த ஓட்டம் தளர்கிறது. ஓட்டம் தளர்ந்தால் இரத்தம் கட்டிபடும்; அதுவும் முதல் சில நாட்களில்தான் ஆபத்து அதிகம். முற்றாக அடைபட்டால் புதுச் சதையி கையைவிட்டுப் போய்விடும்.

இதைக் கண்டுபிடிக்கத்தான் டொப்ளர் ஸ்கான். காதுக்குக் கேளாத ஒலி, ஓடும் இரத்தத்தில் பட்டுத் திரும்பும்போது சுருதி மாறும். 1842இல் டொப்ளர் சொன்ன தத்துவம் இது. நாளத்தில் ஓட்டம் இல்லாமல், நாடியில் இரத்தம் முன்னும் பின்னுமாக அலைந்தால், வெளியேறும் வழி அடைபட்டிருக்கலாம் என்று அறியலாம். கதிர்வீச்சு இல்லை, கட்டிலருகிலேயே செய்யலாம். குடல் வாயு மறைத்தால் சீ.ரீ. ஸ்கான் எடுப்பார்கள். நேரத்தோடு கண்டால், சிறிய கட்டிக்கு ஹெப்பரின் மருந்து கொடுக்கலாம். பெரிய அடைப்புக்கு மறுபடி ஒப்பரேஷன் செய்து பார்க்கலாம்.

ஆனால் ஸ்கான் இருபத்துநாலு மணிநேரமும் பார்த்துக்கொண்டிராது. வயிற்றில் புதிதாக நோ, வீக்கம், திடீரென்று சீனி ஏறுதல் என்றால் உடனே சொல்ல வேண்டும். எங்கட ஆட்கள் "நேர்சுக்கு ஏன் கரைச்சல்?" எண்டு பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பினம். பங்கருக்குள்ளும் முகாமிலும் எங்களைக் காப்பாற்றிய பொறுமை அது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அதுவே எதிரி.

இங்கிலீசு வராவிட்டால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். இயன்ற இடத்தில் அதைப் பெறும் உரிமை 1996ஆம் ஆண்டின் நோயாளர் உரிமைக் கோவையில் இருக்கிறது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை டொக்டருக்கும் உங்களுக்கும் நடுவில் நிறுத்த வேண்டாம்.

நோவை வாய்விட்டுச் சொல்லுங்கள். அனைவருக்கும் புத்தாண்டு நல்ல சுகம் தரட்டும்.