வாளும் சிலுவையும் வந்த கப்பல்

(மண்ணூரில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில், ‘ஏழு தங்க நகரங்கள்’ என்ற அமெரிக்கப் படத்தைத் திரையிட்டபின் நிகழ்த்திய பேச்சு)



இப்போது நாம் பார்த்தது 1955இல் வெளிவந்த ஹாலிவுட் படம். கதை நடப்பது 1769இல். ஸ்பெயின் ராஜாவின் பட்டாளம் கலிபோர்னியாவுக்குப் புறப்படுகிறது. தளபதி போர்த்தோலாவுக்குத் தங்கத்தின் மேல் கண். கூடவே வருகிற செர்ரா பாதிரியாருக்கு ஆத்மாக்களின் மேல் கண். மெண்டோசா என்ற அதிகாரி அந்த மண்ணின் பெண் ஒருத்தியை ஆசை காட்டி ஏமாற்றுகிறான். அவள் மலையிலிருந்து விழுந்து மடிகிறாள். அவளுடைய ஜனங்கள் நியாயம் கேட்டு எழுகிறார்கள். கடைசியில் அவனே போய்த் தன்னை ஒப்படைத்து உயிரை விடுகிறான். உதவிக் கப்பல் வந்து சேருகிறது. பாதிரியார் நிலைத்துவிடுகிறார். படம் முடிகிறது.

படம் பிடித்த விதத்தில் குறையில்லை. மணலும் கடலும் குதிரைகளும் கண்ணுக்கு விருந்துதான். ஆனால் படம் நமக்கு எதைப் போதிக்கிறது? கெட்டவன் ஒருவனால் தீங்கு வந்தது, நல்லவர் ஒருவரால் அது தீர்ந்தது என்று போதிக்கிறது. இருவரும் ஏன் ஒரே பட்டாளத்தோடு வந்தார்கள், யார் செலவில் வந்தார்கள், யாருடைய நிலத்தில் இறங்கினார்கள் என்ற கேள்விகளை அது எழுப்பவே இல்லை. அந்தக் கேள்விகளை நாம் எழுப்புவோம்.

படம் சொல்லாத கதை

ஏழு தங்க நகரங்கள் என்பது 1540இல் கொரோனாதோ என்பவன் தேடி அலைந்து ஏமாந்த பழங்கதை. 1769இல் ஸ்பெயினை விரட்டியது வேறு பயம். வடக்கேயிருந்து ரஷ்யப் பேரரசு அந்தக் கரைக்கு இறங்கி வந்துவிடுமோ என்ற பயம் அது. கரையைப் பிடிக்கப் பட்டாளம் வேண்டும். பிடித்த கரையில் பயிர் செய்யவும் மாடு மேய்க்கவும் சுவர் எழுப்பவும் ஆள் வேண்டும். அந்த ஆள்பலத்தைத் திரட்டித் தந்தவை பாதிரிமார்களின் மிஷன்கள். 1769 முதல் 1823 வரை இப்படி 21 மிஷன்கள் எழுந்தன.

ஞானஸ்நானம் பெற்றவன் மிஷனை விட்டுத் தன் இஷ்டம்போல் போக முடியாது. ஓடிப்போனால் சிப்பாய்கள் பிடித்து வருவார்கள். சவுக்கடி கிடைக்கும். அந்தச் சவுக்கடி நியாயமே என்று 1780இல் கவர்னருக்குக் கடிதம் எழுதியவர், படத்தில் சாந்த சொரூபியாக வருகிற இதே செர்ராதான். 1775 நவம்பரில் குமெயாய் மக்கள் சான் தியாகோ மிஷனைத் தீயிட்டார்கள். அந்தத் தீ படத்தில் இல்லை.

2015இல் போப் பிரான்சிஸ் செர்ராவைப் புனிதர் என்று அறிவித்தார். அதற்கு அந்த மண்ணின் மக்களில் பலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 2020இல் சான் பிரான்சிஸ்கோவிலும் லாஸ் ஏஞ்சல்சிலும் அவருடைய சிலைகளை ஜனங்கள் கயிறு கட்டி இழுத்துச் சாய்த்தார்கள்.

செர்ரா தளபதிகளோடு சண்டை போட்டதும் உண்மையே. 1773இல் மெக்சிகோ நகரம் வரை போய் ராணுவ அதிகாரி மேல் புகார் கொடுத்து, அவரை மாற்றவும் வைத்தார். அதிகாரி மாறினார், மிஷன் வயலில் குனிந்து வேலை செய்தவனுடைய நிலை மாறவில்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதே கதை நம் கடற்கரையிலும் நடந்திருக்கிறது.

நம் முத்துக் கரையில்

கன்னியாகுமரிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே உள்ளது முத்துக்குளித்துறை. முத்துச் சலாபம் என்றால் எப்படி நடக்கும்? கயிற்றில் கட்டிய கல்லில் காலை ஊன்றிக்கொண்டு குளியாள் கடலுக்குள் இறங்குவான். மூச்சை அடக்கிச் சிப்பிகளைப் பையில் அள்ளுவான். கயிற்றை அசைத்ததும் தோணியில் இருப்பவன் இழுக்க வேண்டும். ஒரு கணம் தாமதித்தால் பிணம்தான் மேலே வரும். கயிறு பிடிப்பவன் மைத்துனனாக இருக்க வேண்டும் என்று கடற்கரையில் சொல்வார்கள். தங்கை தாலியறுக்க எந்த அண்ணனும் சம்மதிக்க மாட்டானல்லவா!

இவ்வளவு ஆபத்தில் எடுத்த முத்து யாருக்குப் போயிற்று? ராஜாக்களுக்கும் குத்தகைதாரர்களுக்கும் போயிற்று. 1520களில் போர்த்துக்கீசியர் இந்தக் கரைக்கு வந்தார்கள். அப்போது முத்துச் சலாபத்தைப் பற்றிப் பரதவர்களுக்கும் முஸ்லிம் வணிகர்களுக்கும் தகராறு முற்றியிருந்தது. பரதவர் தலைவர்களான பட்டங்கட்டிகள் கொச்சிக்குப் போய்ப் போர்த்துக்கீசியரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். அதற்கு ஞானஸ்நானம் விலையாயிற்று. 1537க்குள் சுமார் 20,000 பேர் கிறிஸ்தவர்களானார்கள். 1538இல் வேதாளையில் போர்த்துக்கீசியக் கப்பற்படை கோழிக்கோட்டுப் படையை முறியடித்தது. கரை அவர்கள் கைக்குப் போயிற்று.

ஒரே கடலில் பிழைத்தவர்கள் இரண்டு அணியாக நின்றார்கள். மூன்றாமவன் முத்தை அள்ளிக்கொண்டான். வந்தவனுடைய பீரங்கி பெரிதுதான். நம்முடைய பிளவு அதைவிடப் பெரிதாக இருந்தது.

1542இல் பிரான்சிஸ் சவேரியார் இங்கே வந்தார். அவரைப் பற்றி நியாயமாகவே பேசுவோம். 1544இல் வடுகர் படையெடுத்து வந்தபோது ஜனங்கள் குமரிமுனைப் பாறைகளில் ஏறிப் பசியிலும் தாகத்திலும் செத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு உணவு கொண்டுபோக 20 தோணிகளோடு புறப்பட்டவர் அவர். போர்த்துக்கீசியக் கப்பித்தான் பரதவர்களை வதைக்கிறான் என்று கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதிக் கண்டித்தவரும் அவர்தான். நல்ல மனிதரின் நல்ல செயலை மறைப்பது நம் வழக்கமல்ல.

ஆனால் இன்னொரு விஷயத்தையும் கேளுங்கள். இந்தக் கரையிலிருந்து ஆண்டுதோறும் 4000 பொற்பணம் போர்த்துக்கல் ராணி கத்தரீனாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. எதற்காகத் தெரியுமா? ராணியம்மாள் காலில் போடும் பாதரட்சைச் செலவுக்காக! இங்கே குளியாள் கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு கடலுக்குள் போனான். அங்கே அவன் கொடுத்த பணத்தில் ராணி செருப்பு மாட்டினாள். சவேரியார் ராணிக்கு எழுதி, அந்தப் பணத்தை ஊர்தோறும் வேதம் சொல்லிக்கொடுக்கும் கணக்கப்பிள்ளைகளின் சம்பளத்துக்குத் திருப்பிவிட்டார்.

செருப்புக்குப் போனது சம்பளத்துக்குப் போனது நல்லதே. ஆனால் பணம் கொடுப்பது நின்றதா? இல்லை. எங்கே செலவிடுவது என்பதுதான் மாறியது. அதைத் தீர்மானித்தது ராணியும் பாதிரியாரும். குளியாளை யாரும் கேட்கவில்லை. 1658இல் டச்சுக்காரன் தூத்துக்குடியைப் பிடித்தான். பின்னால் ஆங்கிலேயன் வந்தான். ஒவ்வொருவனும் சலாபத்தைத் தனக்குரிய வருமானமாக நடத்தினான்.

நம் செங்கல்பட்டுச் சீமையில்

தூத்துக்குடி தூரம் என்று நினைக்கலாம். நம் மண்ணூரும் அடங்கியிருந்த பழைய செங்கல்பட்டு ஜில்லாவுக்கே வருவோம். இங்கே மிராசுதாரர்களின் கீழ்ப் படியாளாகக் கிடந்த பறையர் மக்களுக்குக் குடிசை போட்ட மனையும் சொந்தமில்லை. கூலி கேட்டால் குடிசையை விட்டு வெளியேற்றுவார்கள். கௌடி, ஆண்ட்ரூ என்ற இரு பாதிரிமார்கள் இதை வெளிப்படுத்தினார்கள். கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் அறிக்கை எழுதினார். 1892இல் அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் வந்தது இப்படித்தான். முதல் 10 ஆண்டு யாருக்கும் விற்கக் கூடாது; அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்டோருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை.

நல்ல பாதிரிமார்கள், நல்ல கலெக்டர், நல்ல ஆணை எல்லாம் இருந்தன. இன்று அந்த நிலம் எங்கே? எத்தனை ஊர்களில் கடனுக்கும் மிரட்டலுக்கும் கைமாறி, வேலி போட்ட மனையாகவும் சுற்றுச்சுவர் எழுப்பிய தோப்பாகவும் நிற்கிறது! 1994 அக்டோபரில் இதே ஜில்லாவின் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியவர்கள் மேல் போலீஸ் சுட்டது, இருவர் உயிரிழந்தனர். ஆணை மேலிருந்து வந்தது. அதைக் காத்து நிற்கக் கீழே சங்கம் இல்லாத இடங்களில் நிலம் போய்விட்டது.

இன்றைக்கு நாம்

தோழர்களே, யாருடைய சாமியையும் பழிக்க இங்கே கூடவில்லை. மாதா கோயிலுக்குப் போகிறவரும், அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவரும், தொழுகைக்குப் போகிறவரும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். அது அவரவர் மனம். நாம் எதிர்ப்பது ‘நல்லவர் ஒருவர் வருவார், காப்பாற்றுவார்’ என்று கைகட்டி உட்காரச் சொல்லும் போதனையை.

இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை ஆலைகளில் இதே படம் தினமும் ஓடுகிறது. சூப்பர்வைசர் கடுமையாகப் பேசுவார். மேலே உள்ள அதிகாரி தோளில் கை போட்டு ‘என்னிடம் சொல்லியிருக்கலாமே தம்பி’ என்பார். ஒருவர் போர்த்தோலா, ஒருவர் செர்ரா! கன்வேயரின் வேகத்தை இருவருமே குறைக்க மாட்டார்கள். நாம் நிரந்தரம், கான்ட்ராக்ட், பயிற்சியாளர் என்றும், உள்ளூர், பீகார், ஒடிசா என்றும் பிரிந்து நின்றால் முத்துக் கரையில் நடந்ததுதான் இங்கேயும் நடக்கும்.

சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய முதன்மைக் கோரிக்கை, எங்கள் சங்கத்தை அங்கீகரி என்பதுதான். 2025 ஜனவரியில் சங்கம் பதிவு பெற்றது. எந்தப் புண்ணியவானும் அதைத் தூக்கிக் கொடுக்கவில்லை. ஒற்றுமையாக நின்று வாங்கினார்கள்.

ஆகவே இரண்டு வேலைகள் நம் முன் இருக்கின்றன. ஆலைத் தோழர்கள் கான்ட்ராக்ட் தொழிலாளியையும், மொழி தெரியாத வடநாட்டுத் தோழனையும் சங்கக் கூட்டத்துக்கு அழைத்து வர வேண்டும். விவசாயத் தொழிலாளர்கள் தாலுகா ஆபீசுக்குக் கூட்டமாகப் போய், பழைய பதிவேடுகளில் பஞ்சமி நிலம் எது என்று ஊர்வாரியாகக் கேட்டுக் குறிக்க வேண்டும். தனியாகப் போனால் நாளைக்கு வா என்பார்கள். நூறு பேர் போனால் பதிவேடு வெளியே வரும்.

கடலுக்குள் இறங்குகிறவனுக்குக் கயிறு பிடிக்க நம்பிக்கையான கை வேண்டும். நமக்கு அந்தக் கை சங்கம். அதை இறுகப் பிடிப்போம்!

தொழிலாளர் விவசாயி ஒற்றுமை ஓங்குக!