எடைக்குப் போட முடியாத விரயம்



தொழிற்சாலையில் விரயம் என்றதும் கழிவுத் தொட்டிதான் நினைவுக்கு வரும். இரும்புச் சீவல், வெட்டித் தள்ளிய தகட்டுத் துண்டு, அளவு தப்பிய உருப்படி. இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிந்துவிடுகின்றன. பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுக் கொஞ்சம் காசும் பார்த்துவிடலாம். இன்று நான் பேசப்போவது எடைக்குப் போட முடியாத விரயத்தைப் பற்றி.

1950ஆம் ஆண்டு. ஜப்பானின் ஹிரோஷிமாவில் மூன்று சக்கர வண்டிகள் செய்துவந்த தோயோ கோக்யோ என்ற நிறுவனம். இன்றைய மாஸ்டா கார் கம்பெனிதான் அது. தகட்டை அமுக்கி உருக்கொடுக்கும் பெரிய பிரஸ்கள் அங்கே வேலைக்கு ஈடுகொடுக்கவில்லை. ஆலோசனை சொல்ல வந்தவர் ஷிகேயோ ஷிங்கோ என்ற பொறியாளர். வந்தவர் உடனே எதுவும் சொல்லவில்லை. பிரஸ் ஓடுகிற நேரம் எவ்வளவு, நிற்கிற நேரம் எவ்வளவு என்று பக்கத்திலேயே நின்று கணக்கெடுத்தார்.

மூன்றாம் நாள் 800 டன் பிரஸ்ஸை நிறுத்தி, தகட்டுக்கு உருக்கொடுக்கும் அச்சான டையை மாற்றினார்கள். பழைய டையைக் கழற்றியாயிற்று. புதியதைப் பொருத்தும் போல்ட் ஒன்றைக் காணோம். தொழிலாளி தேடப் போனார். ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்து வியர்த்து விறுவிறுக்கத் திரும்பி வந்தார். வேறொரு இயந்திரத்தின் நீளமான போல்ட்டை எடுத்து, அளவுக்கு அறுத்து, மரை போட்டுக் கொண்டுவந்திருந்தார். சரி, நாளைக்கு அந்த இயந்திரத்துக்கு டை மாற்றும்போது போல்ட்டுக்கு எங்கே போவது? ஷிங்கோவும் அதைத்தான் கேட்டார்.

அந்த மனிதர் சோம்பேறி அல்ல என்பதைக் கவனியுங்கள். தேடி அலைந்தார், அறுத்தார், மரை போட்டார். மேற்பார்வையாளர் பார்த்திருந்தால் முதுகில் தட்டிக் கொடுத்திருப்பார். ஆனால் அவ்வளவு நேரமும் பிரஸ் ஒரு தகட்டைக்கூடத் தொடவில்லை. ஆள் சும்மா நின்றால் எந்த முதலாளியும் விரட்டிவிடுவார். உழைப்பு வேஷம் போட்டுக்கொண்டு வரும் விரயத்தை விரட்டுவதுதான் கஷ்டம்.

ஷிங்கோ வேலைகளை இரண்டாகப் பிரித்தார். இயந்திரத்தை நிறுத்தினால்தான் செய்ய முடியும் என்பவை ஒரு பக்கம், அது ஓடும்போதே முடித்துவைக்கக்கூடியவை மறுபக்கம். டையைக் கழற்றி மாட்டுவது முதல் வகை. போல்ட்டும் ஸ்பேனரும் அடுத்த டையும் கைக்கெட்டும் தூரத்தில் காத்திருக்கச் செய்வது இரண்டாம் வகை. கல் காய்ந்த பிறகா தோசை மாஸ்டர் வெங்காயம் நறுக்க உட்காருகிறார்? போல்ட்டுகளை இனம் பிரித்துப் பெட்டிகளில் போட்டுவைத்தார்கள். பிரஸ்களின் திறன் ஏறத்தாழ 50 சதவீதம் கூடியதாக ஷிங்கோ பிற்பாடு எழுதினார்.

1969இல் டொயோட்டா அவரை அழைத்தது. அங்கே 1000 டன் பிரஸ் ஒன்றில் டை மாற்ற 4 மணி நேரம் ஆனது. ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகனில் அதே அளவு பிரஸ்ஸுக்கு 2 மணி நேரம்தான். ஆறு மாதம் பாடுபட்டு 90 நிமிடத்துக்குக் கொண்டுவந்தார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். கொஞ்ச நாளில் நிர்வாகம் அடுத்த உத்தரவு போட்டது: 3 நிமிடம். அதுவும் நடந்தது. 15 சுற்று மரையுள்ள போல்ட்டை உண்மையில் இறுக்குவது கடைசிச் சுற்றுதான், மற்ற 14ம் தண்டம் என்று ஷிங்கோ கண்டார். அப்படியானால் ஒரே சுற்றில் இறுகும்படி அமைத்துவிட்டால் போதுமே.

இதில் லாபம் எங்கே வருகிறது? டை மாற்ற 4 மணி நேரம் என்றால், மாட்டியவுடன் ஒரே பாகத்தை ஆயிரக்கணக்கில் அடித்துக் குவிக்கத்தான் யாருக்கும் தோன்றும். குவித்ததை வைக்கக் கிடங்கு வேண்டும். முடங்கிய பணத்துக்கு வட்டி ஓடும். டையில் குறை இருந்தால் அது தெரிவதற்குள் குவியல் முழுக்க அதே குறை ஏறியிருக்கும். இத்தனைக்கும் கணக்குப் புத்தகத்தில் அந்தக் குவியல் சொத்து என்ற பெயரில் உட்கார்ந்திருக்கும்! டொயோட்டாவின் தாயிச்சி ஓனோ ஏழு வகை விரயங்களை வரிசைப்படுத்தியபோது, தேவைக்கு மேல் உற்பத்தி செய்வதைத்தான் எல்லாவற்றிலும் மோசமானது என்றார். டை 3 நிமிடத்தில் மாறினால் இன்றைக்கு வேண்டியதை இன்றைக்கு அடித்தால் போதும்.

கையிருப்பே இல்லாமல் ஓட்டுவதில் ஆபத்தும் உண்டு. 1997 பிப்ரவரி 1 அன்று டொயோட்டாவுக்கு பிரேக் வால்வு செய்துகொடுத்த ஐசின் நிறுவனத்தின் ஆலை எரிந்தது. கையில் இருந்த வால்வுகள் சில மணி நேரத்துக்கே போதும். ஜப்பானில் டொயோட்டாவின் கார் ஆலைகள் நின்றுபோயின. மற்ற உதிரிபாக நிறுவனங்கள் கைகொடுத்து, தங்கள் இயந்திரங்களிலேயே வால்வு செய்து தந்ததால் சில நாட்களில் டொயோட்டா மீண்டது.

2011இல் ஜப்பானைத் தாக்கிய நிலநடுக்கத்துக்குப் பிறகு, கையிருப்பு வேண்டாம் என்ற தன் கொள்கையில் டொயோட்டா ஒரு விலக்கு வைத்துக்கொண்டது. எளிதில் கிடைக்காத சிப்புகளை மட்டும் சில மாதத் தேவைக்குச் சேர்த்துவைக்கும்படி சப்ளையர்களிடம் சொன்னது. 2021இல் உலகமெங்கும் சிப் தட்டுப்பாடு வந்து மற்ற கார் கம்பெனிகள் தடுமாறியபோது, டொயோட்டா பல மாதங்கள் தாக்குப்பிடித்தது. செப்டம்பரில் அதுவும் உற்பத்தியைக் குறைக்க வேண்டியதாயிற்று.