உடற்பருமன்: இளையோர் சொல்வதைக் கேட்போம்



2019-21 ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, கேரளத்தில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 38 பேரும் ஆடவரில் 36 பேரும் அளவுக்கு மிஞ்சிய எடையுடையவர்கள். காரணம் யாது? "நாவை அடக்கத் தெரியவில்லை, சோம்பல்" என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்கிறோம்.

அவர்களையே கேட்டுப் பாருங்கள். "விடியலில் டியூஷன், பகலில் பள்ளி, இரவில் பாடம், விளையாட நேரம் ஏது?" என்பார்கள். நாள்தோறும் சராசரி 60 நிமிடம் அவர்கள் உடல் உழைக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அந்த நேரத்தைப் பறித்தவர் யார்? நாமல்லவா?

2016 இல் கேரள அரசு பர்கர், பீட்சா முதலியவற்றின்மீது 14.5 விழுக்காடு வரி விதித்தது. வணிகப் பெயர் கொண்ட உணவகங்களுக்கே அது பொருந்திற்று. தேநீர்க் கடைப் பழம்பொரிக்கும் நம் வீட்டு முறுக்குக்கும் வரியில்லை. மறு ஆண்டு சரக்கு, சேவை வரி வந்ததும் அதுவும் மறைந்தது. அடுக்களைக்குள் சட்டம் நுழையாது. அங்கே பொறுப்பு நம்முடையதே.

ஆகவே, பெற்றோர்களே! விருந்துகளில் பருத்த பிள்ளையை நகையாடாதீர்கள். கேலி எடையைக் குறைக்காது. மறைந்து உண்ணவே கற்பிக்கும். மாலையில் ஒரு மணி நேரத்தைப் பாடத்திலிருந்து மீட்டு, சங்குமுகம் கடற்கரையில் அவர்களோடு நாமும் நடப்போம். நம் சங்கக் கூட்டங்களிலும் கேசரிக்கு முன்னே சுண்டலும் பழமும் வரட்டும்!

வாழ்க இளையோர்! வளர்க தமிழ்!