கைப்பேசியில் விளம்பரம்



அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் நெடுங்காலம் லேத் ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் என் அண்டை வீட்டில் வாழ்கிறார். ஒரு நாள் மாலை, தம் கைப்பேசியை நீட்டியபடி என்னிடம் வந்தார். "தம்பி, என் பாங்கியின் செயலியைத்தான் தேடி எடுத்தேன். இது கடன் வேண்டுமா என்று கேட்கிறது. ஆதார் எண்ணைக் கொடுக்கலாமா?" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். செயலிக் கடையில் அவர் பாங்கியின் பெயரைத்தான் எழுதியிருந்தார். ஆனால் பட்டியலின் முதலிடத்தில் நின்றது, அவ்விடத்தைப் பணம் கொடுத்துப் பெற்றிருந்த ஒரு கடன் செயலி. அது விளம்பரம் என்பதைக் காட்டும் சொல் அங்கே இருந்தது. ஆயினும் அறுபத்தெட்டு வயதுக் கண்ணுக்குப் புலப்படாத அளவில் இருந்தது. நல்லவேளையாக, எண்ணைக் கொடுக்குமுன் அவர் கேட்டுவிட்டார். கேட்க ஆளில்லாதவர் நிலை என்ன?

விளம்பரம் தீயது என்று நான் கூறவில்லை. 1967-ஆம் ஆண்டில் வானொலியின் விவித் பாரதியிலும் விளம்பர ஒலிபரப்புத் தொடங்கிற்று. பாட்டு முடிந்து சோப்பின் பெருமை தொடங்கும்போது, இது விளம்பரம் என்று சிறு குழந்தையும் அறியும். அறிந்தபின் கேட்பதும் கேளாதிருப்பதும் அவரவர் விருப்பம்.

கைப்பேசியில் நிகழ்வதோ வேறு. அதன் எல்லா வேலைகளையும் நடத்திவைப்பது இயங்குதளம். வீட்டுக்குச் சுவர் எப்படியோ, அப்படிக் கருவிக்கு அது. அந்தச் சுவரிலேயே விளம்பரம் பதிக்கப்பட்டால், மகன் அனுப்பிய செய்தியும் வணிகன் அனுப்பிய அழைப்பும் ஒரே மணியோசையுடன், ஒரே உருவில் வந்து நிற்கின்றன. கணிப்பொறியும் இதற்கு விலக்கன்று. 2024-இல் விண்டோஸ் 11-இன் தொடக்கப் பட்டியலிலேயே, பரிந்துரை என்ற பெயரில், செயலி விளம்பரங்கள் இடம்பெற்றன.

இதற்குக் காரணம் என்ன? சியோமி நிறுவனம், தன் கருவிகளின் விற்பனையில் நிகர இலாபம் நூற்றுக்கு 5-ஐத் தாண்டாது என்று 2018-இல் அறிவித்தது. அக்காலத்தில் அதன் கைப்பேசிகள் நம் பூந்தமல்லிக்கு மேற்கே, ஸ்ரீபெரும்புதூரிலும் உருவாயின. கருவியில் குறைந்த இலாபத்தை விளம்பரமும் இணையச் சேவைகளும் ஈடுசெய்தன. விலை மலிந்தது, உண்மை. ஆனால் மிச்சத்தை நாம் நம் கவனத்தால் செலுத்துகிறோம்.

அத்தகைய பேரத்தையும் நேர்மையாகச் செய்யலாம். 2011-இல் அமெரிக்காவில் அமேசான் நிறுவனம் தன் கிண்டில் படிப்புக் கருவியை இரு விலைகளில் விற்றது. விளம்பரம் இல்லாதது 139 டாலர். விளம்பரம் உள்ளது 114 டாலர். வாங்குபவர் இரண்டையும் எடைபோட்டுத் தேர்ந்தெடுத்தார். ஆகவே குற்றம் மலிவில் இல்லை, மறைப்பில்தான் இருக்கிறது. நமக்குச் சொல்லப்படாத விலை, நாம் ஒப்புக்கொள்ளாத விலையன்றோ?

நம் நாட்டுச் சட்டமும் இதனை உணர்ந்திருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், நுகர்வோரை மயக்கும் 13 உத்திகளை விலக்கின. வேடமிட்ட விளம்பரம் அவற்றுள் ஒன்று. ஓயாமல் நச்சரிப்பது மற்றொன்று. முறையிட விரும்புவோர் 1915 என்ற எண்ணை அழைக்கலாம்.

மாணவர்களே, நீங்கள் செய்யக்கூடியதும் உண்டு. கைப்பேசியின் அமைப்புகளுக்குள் சென்று, தேவையற்ற அறிவிப்புகளை நிறுத்துங்கள். ஆண்டிராய்டு கருவிகள் பலவற்றில் விளம்பர அடையாள எண்ணை அழிக்கும் வசதியும் இருக்கிறது. விளம்பரம் இதனால் முற்றிலும் ஒழியாது. ஆயினும் உங்கள் பழக்கங்களைப் பின்தொடர்ந்து வருவது குறையும். செயலியை இறக்குமுன், அதனை வெளியிட்டவர் பெயரைப் படியுங்கள்.

உங்கள் கருவியோடு நின்றுவிடாதீர்கள். ஆவடியிலோ அம்பத்தூரிலோ, உங்கள் வீட்டுப் பாட்டியின் கைப்பேசியையும் பத்து நிமிடம் கையிலெடுங்கள். அன்று என் அண்டை வீட்டுப் பெரியவரின் கைப்பேசியைச் சீர்செய்ய எனக்கு அவ்வளவு நேரமே ஆயிற்று. "தொந்தரவு நீங்கிற்று. ஆனால் தம்பி, வாங்கும்போதே இதைச் சொல்லியிருக்கலாமே?" என்றார் அவர். அக்கேள்விக்கு விடையளிக்க வேண்டியவர்கள், கருவியை விற்றவர்கள்தாம். அவர்கள் விடையளிக்கும்வரை நாம் கேட்டுக்கொண்டிருப்போமாக.