பாடியைத் தூக்கிப் பார்த்தோம்

(முன்னாள் மாணவர் ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"மாணவர்களுக்குப் பயன்படுகிற மாதிரி ஏதாவது பேசுங்கள்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். வேலைவாய்ப்பு, வெளிநாட்டுப் படிப்பு, சொந்தத் தொழில் எல்லாவற்றையும் எனக்கு முன்னால் பேசியவர்கள் அழகாகச் சொல்லிவிட்டார்கள். ஆகவே நான் கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கான விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். ஒரு பழைய ஜீப்பின் பாடியை அதன் சேஸிஸிலிருந்து தனியே தூக்கி, இரண்டையும் சீர்செய்து, மறுபடி சேர்த்த கதை இது. நான் 2009ல் இங்கே மெக்கானிக்கல் முடித்தவன். இந்த வேலையைச் செய்தது 2024ல்.

வண்டி என் அப்பாவுடையது. மகிந்திரா எம்.எம். 540. இன்றைய பிள்ளைகள் எஸ்.யு.வி. என்பார்கள், எங்கள் ஊரில் எப்போதும் ஜீப்தான். பெஜோ வடிவமைப்பில் வந்த 2,112 சி.சி. டீசல் எஞ்சின். ஸ்ரீரங்கம் தாலுகாவில், கொள்ளிடக் கரையோரம் எங்களுக்கு வாழைத் தோட்டம். 1994ல் பழைய வண்டியாக வாங்கிய இதில்தான் உர மூட்டை போனது, வாழைத்தார் காந்தி மார்க்கெட்டுக்குப் போனது, நாங்கள் பள்ளிக்கூடம் போனோம், அக்காவின் கல்யாணத்துக்குச் சீர் வரிசையும் போனது. சொல்லப்போனால் வீட்டில் ஓர் ஆள் மாதிரி.

இந்த மாதிரி வண்டிகளின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்றைய சிறிய கார்களில் பாடியே வண்டியின் பாரத்தைத் தாங்கும். ஜீப் அப்படி இல்லை. கீழே ஏணி மாதிரி ஒரு இரும்புச் சட்டம். இரண்டு நீள உத்தரங்கள், நடுவில் குறுக்குச் சட்டங்கள். எஞ்சின், கியர் பாக்ஸ், ஆக்ஸில், ஸ்பிரிங் எல்லாம் இதில்தான் தொங்குகின்றன. பாடி, இந்த ஏணியின் மேல் ரப்பர் திண்டுகளை வைத்து, போல்ட் போட்டு உட்காரவைத்த ஒரு பெட்டி. அவ்வளவுதான்.

நம் காவிரிப் பாலத்தை நினைத்துப் பாருங்கள். 1976ல் திறந்தது. தூண்கள் வேறு, மேலே நாம் போகிற தளம் வேறு. இரண்டுக்கும் நடுவே பேரிங். அந்தப் பேரிங்குகளும் தளத்தின் இணைப்புகளும் தேய்ந்துபோய், 2022 இறுதியில் போக்குவரத்தை நிறுத்தி, தளத்தைத் தூக்கி வேலை பார்த்து, 2023 மார்ச்சில் திறந்தார்கள். அந்த மாதங்களில் ஸ்ரீரங்கத்துக்காரர்கள் எல்லோரும் சுற்றிக்கொண்டு போய்ச் சலித்துக்கொண்டோம். மேலே தார் மட்டும் போட்டிருந்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும். ஆனால் தேய்ந்தது கீழே அல்லவா இருந்தது!

அப்பாவுக்கு இந்த யோசனை முதலில் பிடிக்கவே இல்லை. "ஏண்டா தம்பி, ஓடுற வண்டியை எதுக்குப் பிரிக்கணும்? பட்டி பார்த்து பெயின்ட் அடிச்சா போதாதா?" என்றார். அதற்கு முன்னால் மூன்று முறை அப்படித்தான் நடந்திருந்தது. ஒவ்வொரு முறையும் வண்டி பளபளவென்று வந்தது. ஒவ்வொரு முறையும் அடியில் கருப்பு ரப்பர் பூச்சு ஒன்றை அடித்து அனுப்பினார்கள். நான் சொன்னேன்: "அப்பா, பிரிச்சுப் பார்ப்போம். சேஸிஸ் நல்லா இருந்தா சீர் பண்ணுவோம். இல்லேன்னா பழைய இரும்புக்குப் போடுவோம். நீங்களும் இதுக்குச் சம்மதிக்கணும்." இரண்டு நாள் பேசாமல் இருந்தார். பிறகு சரி என்றார். பெயின்ட் கலரைப் பற்றிப் பேசும் முன்னாலேயே இந்த முடிவை எடுத்துக்கொண்டது நல்லதாயிற்று. செலவு செய்ய ஆரம்பித்த பிறகு நிறுத்துவதற்கு யாருக்கும் மனம் வராது.

அரியமங்கலத்தில் நண்பர் ஒருவரின் ஃபேப்ரிகேஷன் ஷெட்டில் இடம் கிடைத்தது. அறுபது வயதைத் தாண்டிய மெக்கானிக் மேஸ்திரி ஒருவர் துணைக்கு வந்தார். வேலை நடந்த வரிசையைச் சொல்கிறேன், மாணவர்கள் கவனியுங்கள்.

முதல் வேலை ஸ்பேனர் பிடிப்பதல்ல. போட்டோ எடுப்பதும் சீட்டுக் கட்டுவதும். ஒவ்வொரு வயருக்கும் நம்பர், ஒவ்வொரு போல்டுக்கும் தனிப் பை. அடுத்து பேட்டரியைக் கழற்றி, டீசலை வடித்து, டேங்கை ஷெட்டுக்கு வெளியே கொண்டுபோனோம். துருப்பிடித்த போல்டுகளைச் சூடு காட்டித்தான் கழற்ற வேண்டியிருக்கும். டேங்க் பக்கத்தில் இருக்கும்போது அந்த வேலை கூடவே கூடாது. பிறகு பானெட், முன் மட்கார்டுகள், ரேடியேட்டர். அப்புறம் பாடிக்கும் சேஸிஸுக்கும் உள்ள உறவுகளை ஒவ்வொன்றாக அறுக்க வேண்டும். ஸ்டீயரிங் தண்டு, பிரேக் குழாய், கிளட்ச் இணைப்பு, ஆக்ஸிலேட்டர், ஹேண்ட் பிரேக் கேபிள், ஸ்பீடாமீட்டர் கேபிள், எர்த் பட்டை, தரையைத் துளைத்து மேலே வரும் கியர் லீவர்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம். ஜீப்பின் பாடி மேலே மூடி இல்லாத தொட்டி மாதிரி. கதவுக்கான திறப்பு இருக்கும் இடத்தில் அதற்கு வலு குறைவு. அப்படியே தூக்கினால் முறுக்கிக்கொள்ளும். மறுபடி உட்காரவைக்கும்போது கதவு சேராது. அதனால் போல்டைத் தொடுவதற்கு முன்பே சதுரக் குழாய்களைக் குறுக்கே வைத்துத் தற்காலிகமாக வெல்ட் செய்துகொண்டோம்.

தூக்குகிற அன்று மேஸ்திரி எல்லோரிடமும் ஒன்று சொன்னார்: "தம்பி, ஒரு அங்குலம் தூக்கு, நிறுத்து, சுத்தி வந்து பாரு." நான்கு மூலையிலும் ஒரே அளவாகச் செயின் பிளாக்கை இழுத்து, ஒரு அங்குலம் ஏறியதும் நிறுத்திச் சுற்றி வந்தோம். பின்பக்கம் ஒரு வயர் இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருந்தது. அதை விடுவித்த பிறகே மேலே போனோம். போகப் போகக் கீழே மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டே வந்தோம். சங்கிலியை மட்டும் நம்பி அடியில் ஒருவரும் கை நீட்டவில்லை.

இதெல்லாம் திருச்சிக்குப் புதிதா என்ன? 1928ல் நாகப்பட்டினத்திலிருந்து ரயில்வே பணிமனை பொன்மலைக்கு வந்தது. பெரிய மராமத்துக்கு வரும் ரயில் பெட்டியைக் கிரேனில் தூக்கி, போகியைத் தனியே உருட்டிக்கொண்டு போய்ப் பிரித்துப் பார்ப்பது அங்கே அன்றாட வேலை. பெட்டிக்கு வெளிப்பூச்சு எவ்வளவு நன்றாக இருந்தாலும் கெடு வந்துவிட்டால் தூக்கித்தான் ஆக வேண்டும். அப்படிப் பிரித்துப் பிரித்துப் பழகிய கைகள்தான் 2021ல் நீலகிரி மலை ரயிலுக்கு நிலக்கரியில் ஓடும் நீராவி எஞ்சினைப் புதிதாகவே கட்டிக் கொடுத்தன. மராமத்து செய்யத் தெரிந்தவனுக்குப் புதிதாகக் கட்டவும் தெரியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சரி, பாடி மேலே போயிற்று. சேஸிஸ் வெளிச்சத்துக்கு வந்தது. மூன்று கேள்விகள். நேராக இருக்கிறதா? கனம் மிச்சம் இருக்கிறதா? விரிசல் இருக்கிறதா?

முதல் கேள்விக்குத் தூக்குக்குண்டும் சாக்பீஸும் போதும். சேஸிஸை மட்டமாக நிறுத்தி, இடமும் வலமும் ஒரே மாதிரி அமைந்த துளைகளிலிருந்து குண்டைத் தொங்கவிட்டு, தரையில் புள்ளி வைத்து, மூலைக்கு மூலை குறுக்காக அளக்க வேண்டும். இரண்டு குறுக்களவும் ஒன்றானால் சட்டம் கோணவில்லை. பள்ளிக்கூட ஜியோமெட்ரிதான். எங்களுக்கு 3 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தது. மேஸ்திரி தலையாட்டினார்.

கனம் பார்க்க அல்ட்ராசானிக் கருவி ஒன்றை இரவல் வாங்கினேன். பெரும்பாலான இடங்கள் நன்றாக இருந்தன. பின்பக்கத்தில் மட்டும் இரண்டு இடங்கள் தகடு மாதிரி மெலிந்திருந்தன. காரணம் என்ன தெரியுமா? சட்டத்தின் அடியில் தண்ணீர் வடிவதற்கென்றே தொழிற்சாலையில் துளைகள் விட்டிருப்பார்கள். பளபளப்பாக்குகிறேன் என்று அடித்த அந்தக் கருப்புப் பூச்சு அத்தனை துளைகளையும் அடைத்திருந்தது. உள்ளே கொள்ளிடத்துச் சேறு, உர மூட்டையிலிருந்து சிந்திய உப்பு, மழைத் தண்ணீர். மூன்றும் சேர்ந்தால் இரும்பு என்ன செய்யும்?

ஸ்ரீரங்கம் கோயில் திருப்பணிக்கு 2017ல் யுனெஸ்கோ விருது கிடைத்தது நமக்கெல்லாம் பெருமை. அந்தப் பணியில் ஒரு பகுதி, கோயிலின் பழைய மழைநீர் வடிகால் முறையை மீட்டெடுத்தது. பெரியவர்கள் தண்ணீர் போக வழி வைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள். வழியை அடைப்பது பின்னால் வருகிறவர்கள்தான். கோயிலுக்கும் அது பொருந்தும், ஜீப்புக்கும் பொருந்தும்.

மூன்றாவது கேள்விக்கு வந்த பதில்தான் எங்களை உலுக்கியது. ஸ்டீயரிங் பாக்ஸ் சட்டத்தோடு சேரும் இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சிவப்புச் சாயம் தடவி, துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடித்தோம். சில நிமிஷத்தில் வெள்ளையில் ஒரு சிவப்புக் கோடு எழுந்தது. இரண்டு அங்குல நீளம். பக்கத்தில் பழைய வெல்டிங் ஒட்டு ஒன்று. எந்தப் பட்டறையில் எப்போது போட்டதோ, அதன் மேலேயே பூச்சு அடித்து மறைத்திருந்தார்கள். அந்த இடம் முழுசாக விட்டுப்போனால், ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் சக்கரம் சொன்னபடி கேட்காது.

அப்பா அன்றைக்கு ஷெட்டுக்கு வந்திருந்தார். குனிந்து அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்தார். "இதுலதானா இத்தனை நாள் உங்க அம்மாவை உட்கார வெச்சு ஓட்டினேன்?" என்றார். அதற்குப் பிறகு பெயின்ட் என்ற வார்த்தையை அவர் எடுக்கவில்லை. "பழைய இரும்புக்கே போட்டுடலாம்டா" என்றார்.

முடிவு மூன்று பேர் பேசி எடுத்தது. நான், மேஸ்திரி, அப்புறம் ஓய்வுபெற்ற பாய்லர் வெல்டர் அண்ணன் ஒருவர். 1965லிருந்து திருவெறும்பூர்ப் பக்கம் பி.எச்.இ.எல். இருக்கிறது, 1975லிருந்து வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. நல்ல வெல்டருக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. அவர் விரிசலைப் பார்த்துவிட்டு, "சட்டம் நேரா இருக்கு, சுத்தியும் கனம் இருக்கு. இது பண்ணலாம் தம்பி. ஆனா நான் சொல்ற மாதிரி" என்றார். விரிசல் முடியும் இடத்தில் ஒரு சிறு துளை, மேற்கொண்டு ஓடாமலிருக்க. பழைய ஒட்டைக் கிரைண்டரால் முழுக்க எடுத்து, விரிசலை வி வடிவில் திறந்து, அடிவரை நிரம்ப வெல்டிங். மேலே ஒரு வலுப்பட்டை, இரண்டு முனையும் சரிவாக வெட்டியது. சட்டத்துக்குக் குறுக்கே நேர்கோடாக வெல்ட் போட்டால் அந்தக் கோட்டிலேயே அடுத்த விரிசல் பிறக்கும் என்பதால் முனையில் சரிவு. முடித்ததும் மறுபடி சாயச் சோதனை. கோடு வரவில்லை. பின்பக்கம் மெலிந்த இரண்டு இடங்களையும் வெட்டி எடுத்து, அதே கனத்தில் புதுத் தகடு வைத்தோம்.

சட்டத்தை மாற்றிவிடலாமே என்று சிலர் கேட்டார்கள். சேஸிஸ் நம்பர் பொறித்திருப்பது அந்த இரும்பில். சட்டத்தின் கண்ணுக்கு அதுதான் வண்டி. 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. ஆகவே எஞ்சினும் அதேதான், அளவும் அதேதான். புதுத் திண்டுகளின் மேல் பாடியை இறக்கி, பிரேக் குழாய்கள் முழுவதும் புதிதாகப் போட்டு, வடிகால் துளைகளை ஒரு கம்பியால் குத்திப் பார்த்துவிட்டு, கடைசியாகத்தான் பெயின்ட். ஆர்.டி.ஓ. பரிசோதனைக்குக் காட்டி, ஆர்.சி.யைப் புதுப்பித்துக்கொண்டோம். ஐந்து மாதம். 2 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய்.

லாபமா என்று கேட்டால், இல்லை. எல்லாப் பழைய வண்டியையும் காப்பாற்றுங்கள் என்றும் நான் சொல்ல வரவில்லை. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 வண்டியோடு ஒப்பிட்டால் எங்கள் ஜீப் விடும் புகை அதிகம்தான். அதனால் தோட்டத்துக்கு மட்டும்தான் எடுக்கிறோம். அந்த மூன்று கேள்வியில் ஒன்றுக்குத் தப்பான பதில் வந்திருந்தாலும் இன்று அது பழைய இரும்புக் கடையில் இருந்திருக்கும். அதுவும் சரியான முடிவாகவே இருந்திருக்கும்.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். நாளைக்கு நீங்கள் பாலமோ, பாய்லரோ, சாஃப்ட்வேரோ, எதைப் பொறுப்பெடுத்தாலும், "மேலே ஒரு பூச்சு அடித்துக் கொடுங்கள், போதும்" என்று உங்களிடம் கேட்பார்கள். கேட்பவர் நம் மதிப்புக்குரியவராகவே இருப்பார். அப்போது, "ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று மரியாதையாகச் சொல்லப் பழகுங்கள். எஞ்சினீயர் என்ற பெயருக்கு அதுதான் வேலை. பார்த்ததை எழுதி வையுங்கள், அளந்ததை மறைக்காதீர்கள். இன்னொன்று, அந்த ஷெட்டில் பட்டம் வாங்கியவன் நான் ஒருவன்தான். தூக்கத் தெரிந்தவர் மேஸ்திரி, ஒட்டத் தெரிந்தவர் வெல்டர் அண்ணன். நம் கல்லூரி ஒர்க்‌ஷாப்பில் முதல் வருஷம் ராவு பிடித்துக் கை காய்த்தபோது நாமெல்லாம் முணுமுணுத்தோம். அந்தக் காய்ப்பு இருந்ததால்தான் அவர்கள் பேசியது எனக்குப் புரிந்தது.