மறதி நோயுற்ற பெரியவர்களும் நமது பொறுப்பும்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

தொழுகையில் ரக்அத் எண்ணிக்கை தவறி எழுந்துவிட்ட முதியவர் ஒருவரை, ஸஃப்பில் நின்ற நாமே உரத்த குரலில் கண்டித்தோம். அதன் பின்னர் அவர் பள்ளிக்கு வரவில்லை. அவருக்கு மறதி நோய் இருந்தது என்பதைப் பிறகே அறிந்தோம். அந்த வருத்தத்துடன்தான் இன்று பேசுகிறோம்.

டிமென்ஷியா எனப்படும் இம்மறதி நோய் முதுமையின் இயல்பன்று. மூளையைத் தாக்கும் நோய். இந்தியாவில் 60 வயதைக் கடந்தோருள் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், இந்நோயுடன் வாழ்வதாக 2023ஆம் ஆண்டு வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இதனை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இல்லை.

நோயாளி இரவில் அலைந்தால், கோபமுற்றால், மயங்கிக் கிடக்க ஒரு மாத்திரை கேட்கிறோம். மனநோய்க்குரிய சில மருந்துகள் இம்முதியவர்களின் உயிரிழப்பு அபாயத்தை அதிகரிக்கின்றன என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2005இல் எச்சரித்தது. மருத்துவர் தந்த மருந்தை நாமாக நிறுத்திவிடலாகாது. ஆயினும் மாத்திரையைத் தேடுமுன் காரணத்தைத் தேட வேண்டும்.

"வலிக்கிறது" என்று சொல்ல இயலாதவர் கோபத்தால் அதைத் தெரிவிக்கிறார். பல்வலி, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, தாகம், இரைச்சல் ஆகியவற்றுள் எதுவென்று பார்ப்போம். குழப்பம் திடீரென அதிகரித்தால் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். மஃரிபு நெருங்கும்போது அமைதியிழப்போர் பலர். பொழுது சாயுமுன்பே வீட்டில் விளக்கேற்றி அருகில் அமர்ந்தால் அச்சம் தணியக்கூடும்.

வாதம் செய்யாதீர்கள். மறைந்துவிட்ட வாப்பாவைத் தேடும் உம்மாவிடம் "மவுத்தாகிவிட்டார்" என ஒவ்வொரு முறையும் கூறினால், ஒவ்வொரு முறையும் அது புதிய துயரமே. "வாப்பாவைப் பற்றிச் சொல்லுங்கள் உம்மா" என்று கேளுங்கள். முகம் மலரக் காண்பீர்கள். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாம் கிட்வுட் 1997இல் வெளியிட்ட நூலில் வலியுறுத்தியதும் இதுவே: நோயைப் பார்க்குமுன் மனிதரைப் பாருங்கள்.

பெயர்கள் மறந்தாலும், பழகிய செயல்கள் நெடுநாள் நிலைக்கின்றன. மகனின் பெயரை மறந்தவரின் கரங்கள் ஒளூச் செய்யும் வரிசையை மறவாதிருக்கலாம். துணி மடித்தல், பூண்டு உரித்தல், பழகிய கிராஅத்தைக் கேட்டல், காலாற நடத்தல் ஆகியவற்றை நாள்தோறும் ஒரே நேரத்தில் செய்யவிடுங்கள். தவறினால் திருத்தாதீர்கள்.

இத்தனையையும் பெரும்பாலும் ஒரு மகளோ மருமகளோ தனித்தே சுமக்கிறார். அவர் உறங்க இரண்டு மணி நேரம் கிடைப்பதே அவருக்குப் பெரும் மருந்து. உறவினரும் அண்டை வீட்டாரும் முறைவைத்து அந்நேரத்தைத் தாருங்கள். முதியவரின் சட்டைப்பையில் வீட்டுத் தொலைபேசி எண் இருக்கட்டும். தெருவில் வழி தவறி நிற்பவரைக் கண்டால், கேள்விகளால் துளைக்காமல் கைபிடித்து அழைத்து வாருங்கள்.

பள்ளியில் எண்ணிக்கை தவறுபவரின் அருகில், இனி நம்மில் ஒருவர் நிற்போம். அவர் மறந்தாலும், நாம் அவரை மறவாதிருப்போமாக. வஸ்ஸலாம்.